மூன்று நாள் பயிற்சி

“நர்ஸோட சர்டிபிகேட்டைப் பெத்தவங்ககிட்ட காட்டுற வழக்கம் இல்லைம்மா,” என்று மழுப்பினார் தலைமை ஆசிரியர்.

அவர் மழுப்ப மழுப்ப, எதிரில் இருந்தவளுக்குச் சந்தேகம் முற்றியது.

“மடியில கனம் இல்லேன்னா வழியில எதுக்கு சார் பயம்? என் பொண்ணு மூச்சுத் திணறினப்போ அந்தம்மா இன்ஹேலரைத் தலைகீழாப் பிடிச்சிருக்காங்க. அவங்க முறையாப் படிச்சவங்கதானான்னு எனக்குத் தெரியணும்.”

இவள் நகரமாட்டாள் என்று புரிந்ததும் அவர் நர்ஸை வரவழைத்தார். சான்றிதழோடு வந்த நர்ஸ், இவளைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு நொடி நின்றாள். தலைமை ஆசிரியர் அதை வாங்கிப் படித்தார்.

“பள்ளி முதலுதவி, மூன்று நாள் பயிற்சி. போதுமாம்மா?”

“மூணு நாளும் போனீங்களா?” என்று இவள் நர்ஸை மடக்கினாள்.

“முதல் நாள் மட்டும்தாங்க. அதுவும் மத்தியானம் வரைக்கும்.”

“கேட்டீங்களா சார்? போகாத வகுப்புக்குக் கையெழுத்துப் போட்ட அந்தப் புண்ணியவான் யாரு?”

“புண்ணியவான் இல்லைங்க, புண்ணியவதி.” நர்ஸ் அவர் கையிலிருந்த சான்றிதழை வாங்கி இவள் பக்கம் திருப்பினாள். “‘பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் வாங்க அலையணும், நாளையிலேர்ந்து யாரும் வரவேண்டாம்’னு சொல்லி, நாப்பது பேருக்கும் நீங்கதானே மேடம் போட்டுக் கொடுத்தீங்க?”

மடியில் இருந்த கைப்பை இவளுக்குத் திடீரென்று கனத்தது.