ஆறிப்போன காப்பி

அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஏதாவது கேட்டு வந்தவர், முன்னால் வைத்த காப்பியைத் தொடமாட்டார். வீட்டுக்காரர் “குடிங்க” என்றால்தான் கேட்டது கிடைத்ததாகப் பொருள். ஒருகாலத்தில் அந்த ஊரைப் பிடித்து ஆண்ட அந்நிய ராணுவத்தின் ஆளுநராக இருந்த கிழவருக்கு அந்த வழக்கம் மறக்கவில்லை. கோப்பைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“என் மகனை எங்க புதைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம், நஜீபாம்மா. எலும்பாவது குடுங்க.”

“யாரு கொன்னது?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே. அந்த மதச் சங்கத்து ஆளுங்கதான்.”

“அட, நீங்க வளத்த பிள்ளைங்க!” நஜீபா சிரித்தாள். “என் வீட்டுக்காரர் கட்சியை அடக்க அவங்களுக்கு அனுமதிக் கடுதாசி எழுதிக் குடுத்த கை இதுதானே?”

“அப்ப அவங்ககிட்ட துப்பாக்கி இல்லம்மா.”

“தீப்பெட்டி இருந்துச்சே. வாசகசாலையோட அவரைக் கொளுத்தினப்ப உங்க ஜீப்பு தெருமுனையில நின்னுச்சு. ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினேன். என்ன சொன்னீங்க?”

கிழவர் குனிந்துகொண்டார். “உங்காளுங்க சண்டை, நீங்களே தீத்துக்குங்கன்னு.”

“நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.”

காப்பி ஆறிவிட்டது. அவள் அதை எடுத்துப்போய்க் கொட்டினாள். அவர் எழப் பார்த்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க.”

சூடாக இன்னொரு கோப்பையை வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலில், எரிந்த வாசகசாலையின் முற்றம் தெரிந்தது. அவர் மகனை அங்கேதான் புதைத்திருந்தார்கள். அவள் முற்றத்தைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். ஆவி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.