சின்னனோ, பெரிசோ?

கண்ணாடிப் பெட்டிக்கு மேலே இரண்டு கமராக்கள் இருந்தன. ஒன்று சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னது. மற்றது நீண்ட லென்சும் தோள்பட்டியுமாக, தூக்கினால் கை கடுக்கும் பெரியது.

நெல்லியடியில் கமராக் கடை வைத்திருக்கும் சுதாகரனுக்கு இரண்டைப் பற்றியும் நன்றாகத் தெரியும். சின்னது நல்ல சாமான். பெரியது பருத்தித்துறைக் கடலில் ஒருமுறை குளித்து எழும்பியது. லண்டனிலிருந்து வந்த ஒருவர் தண்ணீரில் தவறவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. அதில் பிளாஷ் அடிக்கும். 'கிளிக்' என்று சத்தமும் கேட்கும். படம் மட்டும் கன்னங்கரேலென்று வரும். மூன்று வருடமாக அதை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வந்தவன் பெயரை டினேஸ் என்று சொன்னான். முப்பது வயதிருக்கும். மடிப்புக் குலையாத சேட்டு, பணிவான சிரிப்பு.

"கலியாண வீடுகளுக்குப் போறனான், அண்ணை. எது தோது?"

சுதாகரனின் மனச்சாட்சி ஒருமுறை இருமியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சின்னனைக் கொண்டு போனால் ஆரும் கணக்கெடுக்க மாட்டினம், தம்பி. பெரிசைக் கழுத்தில போட்டியளெண்டால் கேள்வியில்லாமல் வழி விடுவினம்."

"உண்மையாவோ?"

"ஓம். சின்னன் படம் எடுக்கும். பெரிசு மரியாதை எடுத்துத் தரும்."

டினேஸ் பெரியதைக் கழுத்தில் மாட்டி, சுவர்க் கண்ணாடியில் முன்னும் பக்கமுமாகப் பார்த்தான். ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. பற்றரியில் சார்ஜ் இல்லை என்று சொல்லத் தயாராக வைத்திருந்த பொய் வீணாய்ப் போனதில் சுதாகரனுக்குக் கொஞ்சம் கவலைதான்.

பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். இப்படியும் ஒரு பேயன் இருப்பானோ என்று சுதாகரன் அன்று முழுவதும் தனக்குள் சிரித்தார்.

சிரிப்பு மூன்று கிழமைக்குத்தான் தாங்கியது.

மனைவியின் தமையன் பரமலிங்கத்தின் மகளுக்குக் கொக்குவிலில் ஒரு மண்டபத்தில் கலியாணம். 'என்ரை மச்சான் ஒருத்தரையும் ஏமாத்திப் பேய்க்காட்டாத யாவாரி' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனிதர் பரமலிங்கம். அந்தப் பெருமையோடு பட்டு வேட்டியும் சால்வையுமாக மண்டபத்துக்குள் கால் வைத்த சுதாகரன் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே பெரிய கமராவோடு டினேஸ். பிளாஷ் அடிக்கிறது. சனம் வரிசையாக நின்று சிரிக்கிறது.

அவ்வளவும் கறுப்பு. சுதாகரன் பரமலிங்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"உந்தப் பொடியனை ஆர் பிடிச்சது?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை பகுதி ஆளாக்கும். நாங்கள் பிடிச்ச ஆள் மணவறையடியில நிக்கிறார்."

சம்பந்தி வீட்டுப் படங்கள் கறுப்பாய் வந்தால், கமராவை எந்தக் கடையில் வாங்கினாய் என்ற கேள்வி கட்டாயம் வரும். மச்சான் வளர்த்துவிட்ட பெயர் ஒரே நாளில் நாறிவிடும். இப்படி அவர் வேர்த்துக்கொண்டு நிற்க, டினேஸே பக்கத்தில் வந்தான்.

"நீங்கள் சொன்னது சரியண்ணை. எல்லாரும் மரியாதையாய்த்தான் பாக்கினம்."

"கமரா... வேலை செய்யுதோ?"

"அந்தமாதிரி. ஒரு குறையுமில்லை."

பாவி இன்னும் ஒரு படத்தையும் திருப்பிப் பார்க்கவில்லை என்று சுதாகரன் விளங்கிக்கொண்டார். இன்றைக்கு மட்டும் யாரும் அதன் திரையைப் பார்க்காவிட்டால் போதும். நாளைக்கே சின்னதைக் கொடுத்துச் சமாளித்துவிடலாம்.

மணப்பெண்ணுக்குத் தலையலங்காரம் நடந்துகொண்டிருந்தது. டினேஸ் பெண்ணின் தாய் பத்மாவதியிடம் போனான்.

"அன்ரி, பொம்பிளை போடமுதல் நகையளைத் தனியப் படம் எடுக்கோணும். அல்பத்தில முதல் பக்கம் அதுதான்."

இப்போது எல்லாக் கலியாணத்திலும் நடப்பதுதான். பத்மாவதி பக்கத்து அறை மேசையில் தட்டத்தை வைத்து நகைகளை அழகாக அடுக்கினார். வேடிக்கை பார்க்கப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"எங்கை தம்பி, இவ்வளவு நேரமும் எடுத்ததைக் காட்டுங்கோ பாப்பம்," என்றாள் ஒருத்தி.

சுதாகரனுக்கு உயிர் போய் வந்தது.

"எல்லாரும் வெளியில வாங்கோ. நிழல் விழும்," என்று அத்தனை பேரையும் கலைத்தார்.

பத்மாவதி மட்டும் தயங்கினார். "நகை கிடக்கு..."

"நான் வாசலில நிக்கிறன், அக்கா. எனக்குத் தெரிஞ்ச பொடியன்."

கதவைச் சாத்திவிட்டுக் காவல் நின்றார். உள்ளே 'கிளிக், கிளிக்' என்று கேட்டது. பரமலிங்கமே வந்து எட்டிப் பார்க்கப் போனபோதும் விடவில்லை.

"தொழில் செய்யிற பிள்ளையைக் குழப்பாதேங்கோ, மச்சான்."

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. படங்களைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டானோ என்ற பயத்தில் சுதாகரன் கதவோடு இன்னும் ஒட்டி நின்றார்.

கால் மணித்தியாலம் கழித்துப் பத்மாவதி வந்தார். "நகையைத் தரச் சொல்லுங்கோ. பிள்ளை சீலை உடுத்து வெளிக்கிட்டிட்டாள்."

கதவைத் திறந்தார்கள். அறையின் பின்கதவும் திறந்து கிடந்தது. டினேஸ் இல்லை. தட்டமும் இல்லை.

"அவன் உங்கடை பகுதி ஆளெண்டெல்லோ நாங்கள் நினைச்சம்," என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எல்லோரும் சுதாகரனைத் திரும்பிப் பார்த்தார்கள். பரமலிங்கம் பொலிசுக்குப் போன் எடுத்தார்.

கள்ளனுக்குக் காவல் நின்ற கூட்டாளி தான் இல்லை என்று நிரூபிக்கச் சுதாகரனுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: படமே வராத கமராவைத் தெரிந்துகொண்டே அவன் தலையில் கட்டிய கதையை, மச்சானையும் சம்பந்தி வீட்டாரையும் வைத்துக்கொண்டு, தன் வாயாலேயே சொல்வது.