கடைசிப் பேச்சு

பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் மலையில் மோதி, ஊரே கொண்டாடிய டாக்டரும் விமானியும் இறந்திருந்தார்கள். விமான நிலைய வாசலில் ஜனங்கள் மெழுகுவர்த்தியோடு அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே, பத்திரிகையாளர்கள் முன்னால் கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவு ஒலித்து ஓய்ந்தது.

இளம் நிருபர் கொதித்துப்போய் எழுந்தாள். அன்று ரேடியோவில் விமானிக்கு வழிகாட்டிய பெண் அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார்.

“வழி தெரியலைன்னு அவர் தவிக்கிறார். உங்க குரல் கொஞ்சம்கூட நடுங்கலையே மேடம்! உங்களுக்கென்ன கல்நெஞ்சா?”

“நான் பதறினா அவரும் பதறிடுவாரும்மா. கடைசி வரைக்கும் வழி தேடணும் இல்லையா?”

“‘உங்க குரல் தெளிவாக் கேட்குது’ன்னார். அதுதான் அவரோட கடைசிப் பேச்சு. வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? பாவம், அவர் மனைவி!”

அதிகாரி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

“அவர் சொன்னது மனைவிக்குக் கேட்டுச்சும்மா. நான்தான் அவர் மனைவி.”

நிருபர் நீட்டிய மைக்கை இறக்கிவிட்டு, கண் கலங்க அவரையே பார்த்தாள். ஒருவர்பின் ஒருவராக அரங்கமே எழுந்து நின்றது.

“எல்லாரும் உட்காருங்க,” என்றார் அதிகாரி. “டாக்டர் வீட்டுக்காரங்க ஏன் இப்படி ஆச்சுங்கிற பதிலுக்குக் காத்திட்டிருக்காங்க. கேள்வியைக் கேளுங்க.”