தம்பியின் தட்டு

அமீரகத்தின் அல் ஐன் நகர வீட்டில் சமையலுக்குப் புதிதாகச் சேர்ந்த நாகவள்ளி, முதலாளி தத்தாஜி ராவுக்குச் சோறு பரிமாறினாள்.

"இன்னொரு தட்டும் வைம்மா. தம்பி ருசி பார்த்தப்புறம்தான் அண்ணன் சாப்பிடணும். தஞ்சாவூர் அரண்மனைக் காலத்திலேர்ந்து எங்க குடும்ப வழக்கம்."

"தம்பி சார் டியூட்டி முடிஞ்சு எப்ப வருவாரு?"

"அவன் செத்து மூணு வருஷமாச்சு. சொத்துத் தகராறுல சித்தப்பா எனக்கு அனுப்பின அசோகா அல்வாவை ருசி பார்த்தான், அதோட சரி. ஆனா வழக்கத்தை விடலை."

நாகவள்ளி சிரிக்கப் பார்த்தாள். காலி நாற்காலிக்கு முன்னால் அவள் பரிமாறி வைத்த தட்டு தானாக நகர்ந்து அவளருகே வந்து நின்றது.

"அவன் வேண்டாங்கிறான். நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடும்மா."

அந்தச் சித்தப்பா கொடுத்தனுப்பிய பொடி சாம்பாரில் கரைந்திருப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தாள் நாகவள்ளி.