காற்றுக்குமிழிக்கு வந்த வாழ்வு

மருத்துவக் கல்லூரி ஸ்லைடு ஒன்றில் மெல்லியதாகச் சீவிய ஈரல் துணுக்கு இருந்தது. அதில் ஒரு செல்லுக்குப் பக்கத்து வீடு காற்றுக்குமிழி. மேல்கண்ணாடியை யாரோ அவசரமாக மூடியதில் உள்ளே மாட்டிக்கொண்ட குமிழி அது.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர்கள் கண்ணில் முதலில் பளிச்சென்று பட்டது குமிழிதான். அதையே அழகாக வட்டம் போட்டு வரைந்துகொண்டு போவார்கள். செல்லுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வி.ஆர். கருவி வந்தது. ஸ்லைடைப் படமெடுத்து அதில் ஏற்றினார்கள்; கண்ணில் மாட்டிக்கொண்டால் ஈரலுக்குள்ளேயே நடக்கலாமாம்.

“உன் குட்டு உடையப்போகுதுண்ணே. உள்ள வந்து பார்த்தா ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சிடும்” என்றது செல்.

“வரட்டுமே தம்பி” என்றது குமிழி.

வந்தார்கள். செல்களுக்கு நடுவே இடித்துப் பிடித்து நடந்த மாணவர்கள், குமிழிக்குள் நுழைந்ததும் கையை வீசி நின்றார்கள்.

“அப்பாடா, இங்கதான்டி மூச்சு விட முடியுது!” என்றாள் ஒருத்தி. வகுப்பு முழுக்க அங்கேயே கூடிவிட்டது.

மறுவருஷம் கருவியில் இருந்த படத்தைத் திருத்திப் போட்டார்கள். இப்போதாவது குமிழி ஒழிந்திருக்கும் என்று செல் ஆசையாக எட்டிப் பார்த்தது.

குமிழியின் வாசலில் ‘ஈரல்’ என்று பெரிய பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள். பலகையின் கால் செல்லின் மேல் ஊன்றியிருந்தது.