நீக்க வேண்டிய மலை

"கோலை நேரா பிடி. ஊர்வலத்துலயா போற, ஆட்டிக்கிட்டே இருக்க?"

உச்சிக்காரர் மேலே நின்று கத்தினார். சரிவில் நின்றிருந்த மனைவி, அளவுக்கோலைத் தோளோடு அணைத்துப் பிடித்தாள்.

கீழே முக்காலியில் ஏற்றிய லெவல் கருவிக்குள் ஒரு கண்ணை வைத்திருந்த மகள், அம்மா நேராகத்தான் பிடித்திருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அளவை மட்டும் குறித்துக்கொண்டாள்.

உச்சிக்காரர் என்பது மலையேறும் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர். சங்கத்தின் பட்டியலிலிருக்கும் அத்தனை மலைகளின் உச்சியையும் தொட்டவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெயரில் பாதி கிண்டல் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே இனம்தான். மலை, மேடு.

கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. பக்கத்துப் பெரிய மலையோடு சேருகிற கணவாயிலிருந்து முப்பது மீட்டராவது தனியாக எழுந்து நிற்க வேண்டும். நின்றால் மலை. இல்லாவிட்டால், பெரியவன் தோளில் உட்கார்ந்துகொண்டு உயரம் காட்டுகிற மேடு.

மனிதர்களையும் அப்படித்தான் தரம் பிரித்தார். மாமனார் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மைத்துனன், மேடு. அப்பா பேரைச் சொல்லிக் காலம் ஓட்டும் சங்கச் செயலாளர், மேடு. மனைவியை அவர் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

இந்த மலையைப் பட்டியலிலிருந்து தூக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஒற்றைக் காலில் நின்றார். "பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஏறலாம். இதெல்லாம் ஒரு மலையா?"

செயலாளருக்கு அலுத்துப்போயிற்று. இந்த வருடம் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஏறப்போவது இந்த மலைதான், முன்னால் நடந்து வழிகாட்டப்போவது நீங்கள்தான் என்று முடிவாகச் சொன்னார். வேண்டாமென்றால் முப்பது மீட்டர் இல்லையென்று அளந்து காட்டுங்கள், நீக்கிவிடுகிறோம்.

நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகளை, விடுமுறை நாளென்றும் பாராமல் கருவியோடு இழுத்து வந்துவிட்டார். கோல் பிடிக்கக் கூலிக்கு ஆள் எதற்கு? மனைவி இருக்கிறாளே.

கணவாயில் தொடங்கி, கருவியை நகர்த்தி நகர்த்தி, உச்சியென்று அவர் காட்டிய, கற்களைக் குவித்து வைத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் எல்லாம் மூடுபனி. மகள் கணக்குப் போட்டாள்.

"இருபத்தேழு மீட்டர்ப்பா."

உச்சிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கற்குவியலை ஷூ முனையால் ஓர் உதை விட்டார். "தோள்ல குந்தியிருக்கிற பய. முதல் தடவை ஏறின அன்னைக்கே தெரியும் எனக்கு. அன்னைக்கு நான் தொட்ட அதே கல்லுதான் இது."

மனைவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கருவியை மடக்கக் குனிந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். பனி விலகிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால், பாறைத் தலையோடு இன்னொரு முகடு.

கருவியை அந்தப் பக்கம் திருப்பினாள். உள்ளே தெரியும் கிடைமட்டக் கோடு முகட்டின் தலையைத் தொடவில்லை. நெஞ்சுக்கும் கீழே வெட்டிக்கொண்டு போனது.

"அப்பா, உச்சி இது இல்ல. அதுதான். இதைவிட எப்படியும் ஆறேழு மீட்டர் கூட இருக்கும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பிறகு அது வழக்கமான இடத்துக்கே போயிற்று. மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.

"உங்கம்மா பண்ண வேலை. அன்னைக்குத் தலை சுத்துதுன்னு உட்கார்ந்துட்டா. இதுதான் உச்சின்னும் அவதான் சொன்னா. பனியில எனக்கு என்ன தெரியும்? இவளைக் கூட்டிட்டு வந்ததுக்கு என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நீயும் வந்திருந்தியாம்மா?"

அம்மா பாட்டிலை மூடினாள். புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்து, அளவுக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் போய்க் கோல் பிடிக்கிறேன். நீ கருவியை நகர்த்திக்கிட்டே பின்னால வா. மேல பாறை ரெண்டா பிளந்திருக்கும், கை நுழையுற அளவுதான். வலது பக்கத்துப் பாறைதான் உசரம். அது மேல வைக்கிறேன்."

மகள் மறுபடி கருவிக்குள் பார்த்தாள். இங்கிருந்து ஒரே பாறையாகத்தான் தெரிந்தது. பிளவு இருந்தால் அது மறுபக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கினாள். அப்பா குத்துக்காலிட்டு, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில், அன்றைக்கும் அவள் இப்படித் தனியாகத்தான் போனாள். பனி இறங்கியதும் அவர் இந்தக் கற்குவியலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்னாலும் ஓர் அடி வைக்க மாட்டேன் என்றார், பின்னாலும் மாட்டேன் என்றார். அவள் போய் உச்சியைத் தொட்டுவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து ஒவ்வோர் அடியாகக் கீழே இறக்கினாள்.

அடிவாரத்தில் சங்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள். தொட்டாச்சா என்று கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் தொட்டுட்டார். நான்தான் தலை சுத்திப் பாதியிலேயே உட்கார்ந்துட்டேன்" என்றாள் அவள்.

அப்படிச் சொல்லும்படி அவர் கேட்கவே இல்லை.

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதித்து, அவரும் சிரித்தார்.