கவிழ்ந்த கிளாஸ்

தங்கள் ராக் இசைக்குழு பேரெடுத்த கதை படமாக வந்ததும், ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத் தியேட்டரில் மதியக் காட்சிக்குப் போனார்கள் பாடகன் ராஸும் கிட்டார் வாசித்த டெஸ்ஸும். படத்தில் டிரம்மர் நெவ் குடித்துவிட்டு வேனை மரத்தில் மோதிச் செத்தான். உண்மையில் அன்று ஓட்டியவன் ராஸ். அது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"படத்துலயும் அவன் தலையிலயே கட்டிட்டியேடா," என்றான் டெஸ்.

"செத்தவன் வந்து கேக்கவா போறான்? பாப்கார்னைத் தின்னு."

அடுத்த காட்சியில் புது டிரம்மரோடு குழு மேடையேறியது. ஸ்பீக்கர் மேல் ஒரு பீர் கிளாஸ் கவிழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்து பப்புகளில் கிளாஸைக் கவிழ்த்து வைத்தால், சண்டைக்கு வா என்று அர்த்தம். நெவ்வுக்குக் கோபம் வந்தால் வாயே திறக்க மாட்டான், கிளாஸைத்தான் கவிழ்ப்பான்.

"இதையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல," என்றான் ராஸ். அதன்பின் அவன் பாப்கார்னைத் தொடவில்லை.

படம் முடிந்து எதிரிலிருந்த பப்புக்குள் நுழைந்தார்கள். மூலை மேசையில் ஒரு கிளாஸ் கவிழ்ந்திருந்தது. கிளாஸின் உள்பக்கத்தில் நுரை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதை எடுக்க வந்த பணிப்பெண் ராஸைப் பார்த்தாள்.

"ராஸ் நீங்கதானே? உங்க சிநேகிதர் வெளிய வேன்கிட்ட நிக்கறாரு. சாவி உங்ககிட்டதான் இருக்காம். நீங்களே ஓட்டணுமாம்."

அவர்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ராஸ் மெல்லச் சட்டைப்பையைத் தொட்டான். உள்ளே சாவி குலுங்கியது.